ஃபோர்க்கில் ஒரு கோடு

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கலாம். ஒதுங்குகிற இடத்தில் சாலை இருக்கும் என்று மட்டும் யாரும் உத்தரவாதம் தரவில்லை. என் கியர் சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்துக்குள் மொத்தமாக இறங்கி ஏறியது. வியாசர்பாடி வந்து துடைத்துப் பார்த்தால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு.

பெயிண்டில் விழுந்த கோடா, இரும்பில் விழுந்த விரிசலா? தெருமுனையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். ஆட்டம் நின்றது. எங்கள் பக்கம் கேரம் ஆட்டம் நிற்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒருவர் சைக்கிளைத் தூக்கித் தரையில் தட்டிச் சத்தம் கேட்டு, "கணீரென்று இருக்கிறது, ஓட்டலாம்" என்றார். அதே சத்தத்தைக் கேட்ட இன்னொருவர், "போய்விட்டது" என்றார். சைக்கிள் கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்காமல், "ஒரு வெல்டிங் வைத்தால் தீர்ந்தது தம்பி" என்றார். பல்வலி என்று போனாலும் அவர் வெல்டிங்தான் சொல்வார். காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு திரும்பிய அக்கா மட்டும், "உடைந்தால் முதலில் முகம்தானே போகும்?" என்று உருப்படியாக ஒன்று கேட்டார். உண்மைதான். பின்பக்கம் எது உடைந்தாலும் பெரும்பாலும் வண்டி நிற்கும். முன் ஃபோர்க் உடைந்தால் ஆள் பறப்பார்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். பெரம்பூர் லோகோ ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தப் பேச்சையும் 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதில் தொடங்குகிறவர், அன்று ஆச்சரியமாக, "மண்ணெண்ணெய் இருக்கிறதா? ஒரு சாக்பீஸும் வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

சாக்பீஸ் டியூஷன் பிள்ளைகளிடம் கிடைத்தது. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்த பிறகு மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? எறும்புக்கென்று கட்டிலுக்கடியில் வைத்திருந்த பாட்டிலை இட்லிக்கடை ஆயா எடுத்துவந்தார். "அரை மூடிதான்" என்பது நிபந்தனை.

ரயில் அச்சில் விரிசல் பார்க்கும் பழைய முறையாம். பெரியவர் பிளேடால் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவி ஊறவிட்டார். பிறகு ஈரமே இல்லாமல் துடைத்து, பொடித்த சாக்பீஸைப் பூசினார். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுவிடும். எல்லோரும் குனிந்து நின்றோம். டீ வந்தது, குடித்தோம். பொடி வெள்ளையாகவே இருந்தது. கோடு பெயிண்டோடு போய்விட்டது. ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராக இருந்தது.

கேரம் கோஷ்டி பலகைக்குத் திரும்பியது. பெரியவருக்கோ பஞ்சில் மிச்சமிருந்ததை வீணாக்க மனமில்லை. பெடலைத் தாங்கும் அலுமினியக் கையான கிராங்கிலும் தடவினார். "இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும் தம்பி. அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்" என்று சொல்லிக்கொண்டே பொடியைப் பூசினார். பெடல் முறுக்கியிருக்கும் துளையை ஒட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நகக்கண் அளவுக்கு ஒரு கோடு ஊறி வந்தது. வெறும் கண்ணுக்குப் பளபளவென்று இருந்த இடம். மேம்பாலம் ஏறும்போது நான் எழுந்து நின்று மிதிப்பது அந்தப் பெடலைத்தான்.

"இதற்கு ஒரு வெல்டிங்..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார். பெரியவர் திரும்பிப் பார்த்ததும், அதே மூச்சில் புதுக் கிராங்கின் விலையைச் சொன்னார். பழையதை யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி சுத்தியலால் இரண்டாக உடைத்துப் போடச் சொல்லிவிட்டுத்தான் பெரியவர் நகர்ந்தார். அதற்கு இரண்டே அடிதான் தேவைப்பட்டது.

ஆயா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரை மூடிக்கு மேலேயே குறைந்திருந்தது.

"இனி எறும்பு வந்தால் உன் வீட்டு முகவரி சொல்லி அனுப்புகிறேன்" என்றார்.