நீங்க சொன்னதாலதான் மேடம்

“நீங்க சொன்னதாலதான் மேடம் கண்ணைப் பார்த்துட்டே இருந்தேன், இல்லன்னா எனக்கு எங்க தெரியப்போகுது” என்று அந்தப் பெண் சொன்னபோது, “பரவாயில்லமா” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்புறம் வார்டில் அடுத்த கட்டிலுக்குப் போய் ஸ்டெத்தைக் காதில் மாட்டிய பிறகுதான் உறைத்தது. நான் அவரிடம் அப்படிச் சொன்னேனா?

அவருடைய அம்மாவுக்கு 58 வயது. இட்லிக்கடை. 11 வருடமாகச் சுகர், மாத்திரை நினைத்தால் போடுவார். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையை மூடிவிட்டு நேராகக் கேஷுவாலிட்டிக்கு வந்திருந்தார்கள். இடது இமை பாதி இறங்கியிருந்தது, விழி கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது, புருவத்துக்கு மேல் இரண்டு நாளாக வலி. இமையை விரலால் தூக்கிப் பிடித்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றார். “தோசைக்கல்லு ரெண்டு தெரியுதும்மா, எதுல மாவ ஊத்துறது?” நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் கொஞ்சம் அசந்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

தேர்ட் நெர்வ், அதாவது மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் மூன்றாவது நரம்பு, அதில்தான் கோளாறு என்று சொல்ல மேதை வேண்டாம். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாவது நரம்பு, மேல் சாய்தசைக்கு நான்காவது, மிச்சமெல்லாம் மூன்றாவது, இமையைத் தூக்குவதும் அதுவே. முதலாண்டு முடித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கேள்வி, அந்த நரம்பை என்ன செய்தது என்பதுதான். சுகரா, மூளைத் தமனியின் சுவர் பலூன் மாதிரி உப்பி வந்த குமிழா?

இதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு: ப்யூபிலைப் பார், அதாவது கண் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, கண்மணியை. கண்மணியைச் சுருக்கும் இழைகள் இந்த நரம்பின் உள்ளே போகாமல் மேல்தோல் மாதிரி வெளிப்புறத்தில் ஓடுகின்றன. சுகர், நரம்புக்குள் போகும் நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்து நடுப்பகுதியைப் பட்டினி போடும்; மேலே உள்ளவற்றுக்கு நரம்பைச் சுற்றிய சவ்விலிருந்து ரத்தம் வருவதால் அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். குமிழ் வெளியிலிருந்து அமுக்குவது. அமுக்கினால் முதலில் நசுங்குவது தோல்தானே. ஆகவே கண்மணி விரிந்திருந்தால் ஓடு, சமமாக இருந்தால் மூச்சு விடு. அனாடமி ஹாலில் ஃபார்மலின் எரிச்சலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தது ஞாபகம் இருக்கிறது: நடுமூளையிலிருந்து கிளம்பி, இரண்டு தமனிகளுக்கு நடுவே சேமியா மாதிரி வெளியே வந்து, பின் இணைப்புத் தமனியை ஒட்டியே போகும் அந்த நரம்பு. இவ்வளவு பக்கத்தில் ஏன் வைத்தார்கள் என்று அன்றைக்கே ஒருத்தி கேட்டாள்.

பென் டார்ச்சில் பேட்டரி இறங்கிப்போயிருந்ததால் மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். நம் ஊர்க் கண்கள், கரும்பழுப்பு. கருவிழி எங்கே முடிகிறது, கண்மணி எங்கே தொடங்குகிறது என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. இரண்டும் 3 மில்லிமீட்டர், இரண்டும் சுருங்கின. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (இருந்ததில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.)

சீனியருக்குப் போன் போட்டேன். “ப்யூபில்?” “நார்மல் சார்.” “சுகர்?” “முன்னூத்தி நாப்பது சார்.” “அப்போ என்ன, டயபெடிக்தான். ப்ளெயின் சி.டி. மட்டும் பாத்துடு.” சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் வெடிக்காத குமிழ் ப்ளெயின் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது, சாயம் ஏற்றி மூளை ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ எடுக்க வேண்டும், அது எங்களிடம் கிடையாது. அப்புறம் அந்த விதிக்கு இன்னொரு பாதி இருக்கிறது. இமை முழுசாக இறங்கி, விழி அசைவும் முழுசாகப் போய், அப்போதும் கண்மணி நார்மலாக இருந்தால்தான் விதி செல்லும். பாதி இறங்கிய இமைக்குச் செல்லாது, ஏனென்றால் அமுக்கம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கலாம். முழுசா பாதியா என்று சீனியர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

அட்மிட் ஆகச் சொன்னேன். காலையில் மாவு புளித்துவிடும் என்றார் அந்த அம்மா. நான் ரொம்ப வற்புறுத்தவில்லை. மகள்தான் கேட்டார், “தலைக்கு வேற ஏதும் பெரிய ஸ்கேன் எடுக்கணுமா மேடம்? கார்டு இருக்கு.” நான் சொன்னது இன்னும் வார்த்தை பிசகாமல் காதில் இருக்கிறது: “இப்போ வேணாம்மா. சுகர் குறைஞ்சா மூணு மாசத்துல தானா சரியாயிடும்.” பொய்யில்லை. சுகரால் வருவது அப்படித்தான் சரியாகும்.

இதற்கு அடுத்தபடி நான் என்ன சொன்னேன்? “கண்ணு நடுவுல இருக்கற கறுப்பு பெருசாச்சுன்னா உடனே வந்துடுங்க” என்று சொன்ன மாதிரிதான் இருக்கிறது. என் குரலே கேட்கிறது. ஆனால் அந்தக் குரலில் அவசரம் இருக்கிறது, பயம் இருக்கிறது, அந்த ராத்திரி எனக்குப் பயமே இல்லையே. அதே சமயம், சிஸ்டர் இரட்டைப் பார்வை தெரியாமலிருக்க அந்தக் கண்ணுக்குப் பேட் ஒட்டிவிட்டு, வாசல் வரை போய் மகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்ததும் நினைவில் இருக்கிறது. பேடைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கச் சொன்னாரோ என்னவோ. எனக்கு அதற்குள் பாம்புக்கடி கேஸ் ஒன்று வந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை மகள் பேடைப் பிரித்துப் பார்த்திருக்கிறார், இடது கண்மணி பெரிதாக இருந்திருக்கிறது. எங்களிடம் வரவில்லை, நேராகப் பஸ் ஏறி மெடிக்கல் காலேஜுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆஞ்சியோவில் குமிழ் தெரிந்தது, வெடிப்பதற்கு முன்பே கிளிப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து சுகர் மாத்திரை வாங்க வந்தபோதுதான் எனக்கே முழுக்கதையும் தெரிந்தது. இமை ஏறக்குறைய ஏறிவிட்டது. “இப்போ ஒரு கல்லுதான்” என்றார் அந்த அம்மா.

அவர்கள் பையில் என் சீட்டும் இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாத்திரைகள், பேட், “மூன்று நாள் கழித்து வரவும்”. அவ்வளவுதான். வாயால் சொன்னதையெல்லாம் சீட்டில் எழுதுகிறோமா என்ன, அந்தக் கூட்டத்தில்? எழுதுவதில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

சிஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன். “ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எத்தனை சொல்றேன், எதை டாக்டர் ஞாபகம் வச்சுக்க?” என்றார். கொஞ்சம் விட்டு, “நீங்கதான் சொல்லியிருப்பீங்க, நீங்க நல்லாத்தானே பேசுவீங்க” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகளிடமே “யார் சொன்னாங்க, நானா சிஸ்டரா?” என்று கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் தேர்ட் நெர்வ் என்றால் பாதியோ முழுசோ, கண்மணி எப்படி இருந்தாலும் ஆஞ்சியோவுக்கு அனுப்பிவிடுகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று சீட்டில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர், இமை சுத்தமாக மூடிக் கிடந்தது, கண்மணி தெளிவாக நார்மல், சுகர் எகிறிக்கிடந்தது. புத்தகத்தில் போட்டோ பிடித்துப் போடலாம் போல ஒரு டயபெடிக் கேஸ். அவரையும் அறுபது கிலோமீட்டர் அனுப்பினேன். ஆஞ்சியோவில் ஒன்றுமில்லை. மூன்று நாள் கூலி போன மகன் திரும்பி வந்து ஃபிலிமை மேஜையில் வைத்தார்.

“சுகருதான்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்.”