ஆர்வி-7 கேனோபியில் விழுந்த விரிசல்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் எங்கள் வீட்டுக் கராஜில் அண்ணனும் நானும் கட்டிவரும் ஆர்வி-7 என்ற சிறு விமானத்திற்கு எதிர்பாராத பெருஞ்செலவு வந்தது, விமானியின் இருக்கைக்கு மேல் மூடும் ஒளிபுகு மூடியான கேனோபி வேலையில்தான். இறக்கையிலோ வாலிலோ ஒரு துளை பிசகினால் சற்றுப் பெரிய ரிவெட்டை வைத்துப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கேனோபிக்கான அக்ரிலிக் என்னும் ஒளிபுகு பிளாஸ்டிக்கில் அந்தச் சலுகை கிடையாது.

ஒரே குமிழாக வரும் அக்ரிலிக்கை முன்கண்ணாடி, கேனோபி என இரண்டாக அறுத்து, ஓரங்களை வழவழப்பாகத் தேய்த்த பின்னரே எஃகுச் சட்டத்தோடு பிணைக்கத் துளையிட வேண்டும். குளிரில் அது எளிதில் விரிசல் விடும். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பகுதியில் ஜூலை மாதக் குளிர்காலக் காலைகள் உறைநிலையை நெருங்குவதுண்டு என்பதால், ஹீட்டர் வைத்துக் கராஜைச் சூடாக்கிய பிறகே தொடங்கினோம். பாதி வேலையில் லோட்ஷெடிங் எனப்படும் மின்வெட்டு வந்து ஹீட்டர் அணைந்தது. டிரில் பேட்டரியில் ஓடியதால் எங்கள் கை நிற்கவில்லை. “இன்னும் நாலைந்து துளைதானே தம்பி, முடித்துவிடுவோம்” என்றார் அண்ணன். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. பின் ஓரத்தின் அருகே டிரில் பிட் மறுபுறம் வெளிவந்த கணத்தில் சடக்கென்று ஓர் ஒலி எழுந்தது. விரிசல் விமானியின் தலைக்கு மேல் வரும் இடம்வரை ஓடி நின்றது.

பிட்டைக் குறைசொல்ல இடமில்லை. உலோகத்திற்கான பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுத்துவிடும் என்பதால், அக்ரிலிக்குக்கென்றே முனை தீட்டியதைத்தான் போட்டிருந்தோம். ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தபோது, அந்த ஓரத்தில் அறுப்புச் சக்கரம் விட்டுச்சென்ற சிறு வெட்டுத்தடம் ஒன்று தேய்க்கப்படாமலே இருந்தது. அழுத்தம் இத்தகைய தடத்தில்தான் குவிகிறது. குளிர்ந்திருந்த அக்ரிலிக்கால் அதைத் தாங்க முடியவில்லை.

விரிசலின் நுனியில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாமல் நிற்கும். ஓரத்தோடு முடிந்திருந்தால் அவ்வாறே செய்திருப்போம். ஆனால் பறக்கும்போது தலைக்கு மேலே இருக்கும் இடத்தில் ஒட்டுப்போட எங்கள் இருவருக்குமே மனம் ஒப்பவில்லை. புதிய குமிழ் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து வர வேண்டும். பெட்டி எடையில் குறைவு, பருமனில் பெரிது என்பதால் பொருளின் விலையோடு சரக்குக் கட்டணமும் ஏறியது. டர்பன் துறைமுகத்தில் 15 விழுக்காடு வாட் வரி, அங்கிருந்து என்3 நெடுஞ்சாலையில் லாரி வாடகை எனச் செலவு நீண்டது. எஞ்சினுக்கென்று சேர்த்த பணத்தில் கணிசமான பகுதி இதில் கரைந்தது.

இரண்டாவது குமிழைக் கோடைக்காலம் வரும்வரை பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. உடைந்த குமிழின் துண்டுகளில் முதலில் பழகினோம். அவற்றையும் வேண்டுமென்றே குளிரவைத்துத் துளையிட்டுப் பார்த்தபோது வேறுபாடு கைக்கே தெரிந்தது. துளைகளைத் திருகாணியைவிடப் பெரிதாக்கினோம். ஒரு மீட்டர் நீளத்தில் 20 டிகிரி வெப்ப மாற்றத்திற்கு அக்ரிலிக் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நீளும்; எஃகு அதில் ஆறில் ஒரு பங்குதான் நீளும். அந்த அசைவுக்கு இடம் விடாமல் இறுக்கினால், பல மாதம் கழித்து வெயிலில் நிறுத்தியிருக்கும்போதுகூட விரிசல் விழக்கூடும்.

கேனோபி இப்போது சட்டத்தில் பொருந்தியிருக்கிறது. திருகாணிகளை இன்னும் முழுதாக இறுக்கவில்லை. முன்கண்ணாடியின் அடியோரத்தில் ஃபைபர்கிளாஸ் படிய வைப்பது அடுத்த வேலை; அதையும் குளிர் வருமுன் முடிக்க எண்ணியுள்ளோம்.