அவருக்கு மிஞ்சிய ஒரே சொல்

எங்கள் அறக்கட்டளையின் உதவிப் படிவத்தில் ‘பயனாளியின் ஒப்புதல்’ என்று ஒரு கட்டம் உண்டு. அன்றைக்கு அதில் நான் எழுதியது ‘சம்மதம்’. அவர் சொன்னது ‘வேண்டாம்’.

இப்படிச் சொன்னால் ஏதோ மோசடி செய்துவிட்டதுபோலத் தெரிகிறது. அப்படி இல்லை. பக்கவாதம் வந்து ஏழு மாதத்தில் அவர் வாயில் இருந்த ஒரே சொல் அதுதான். காபி வேணுமா என்றால் வேண்டாம் என்பார், கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். நடக்கலாமா அண்ணே என்றால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து நிற்பார். போனில் பேத்தியைக் கொஞ்சுவதும் ‘வேண்டாம் வேண்டாம்’தான். மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை, காலோடு பலருக்குப் பேச்சும் போய்விடும். நாம் சொல்வது பெரும்பாலும் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒலிதான் மிஞ்சியிருந்தது, ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான் ஆகிவிட்டது. பயிற்சியில் இதைக் கேட்டபோது சுவாரசியமாக இருந்தது. இப்போது யோசித்தால், அர்த்தமே இல்லாத ‘டான்’ எவ்வளவோ தேவலை. ‘வேண்டாம்’ என்பதற்கு அர்த்தம் இருக்கிறதே.

அவர் தையல்காரர். முன்னறையில்தான் கடை. அவர் வெட்டித் தைப்பார், அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், காஜா எடுத்துப் பட்டன் கட்டிக் கொடுப்பார். அவர் விழுந்த அன்று இரண்டு பேருடைய வேலையும் போய்விட்டது என்பது எங்கள் பதிவேட்டில் இல்லை. அதில் நோயாளி என்று ஒரு பெயர்தான் ஏறும். பக்கத்தில் ‘பராமரிப்பவர்: மனைவி’ என்று இருக்கும், அவ்வளவுதான். அந்த மனைவி தன் சுகர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் நாலாவது தடவை போனபோதுதான் கண்டுபிடித்தேன்.

எங்கள் அறக்கட்டளையின் வாழ்வாதார உதவியில் மாவு கிரைண்டர் வாங்கித் தருவார்கள். வைக்க இடம் காட்ட வேண்டும், குடும்பத்தின் பங்காகக் கொஞ்சம் பணமும் கட்ட வேண்டும். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது தையல் மெஷின். விற்றால் பங்குப் பணமும் வந்துவிடும். யோசனை அக்காவுடையது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

“அண்ணே, மெஷினைக் குடுத்துட்டு கிரைண்டர் வாங்கிடலாமா?”

“வேண்டாம்.”

நான் அக்காவைப் பார்த்தேன். “சரின்னுதான் சொல்றார் மேடம். நீங்க எழுதிக்கோங்க.”

எழுதினேன். இடது கைப் பெருவிரலில் மையைத் தடவி ரேகை வாங்கினேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் நான் பல இரவுகளில் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்: இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் கேட்டபோது அந்தக் கை மெஷின்மேல் இருந்தது. சரி, அது எப்போதும் அங்கேதான் இருக்கும், அவர் எழுந்து நிற்கப் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

இப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் உறுத்துகிறது. ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும். ‘விற்றுவிடலாமா?’ என்று கேட்டால், கொஞ்சம் பொறுத்து ‘இருக்கட்டுமா?’ என்றும் கேட்க வேண்டும். மெஷின் படம் ஒன்று, கிரைண்டர் படம் ஒன்று வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, அவசரப்படக் கூடாது. பட அட்டைகள் என் பையில்தான் இருந்தன. வெளியே ஆட்டோ நின்றது, இன்னும் இரண்டு வீடு பாக்கி, மறுநாள் காலை குழுக் கூட்டம். அந்த மாதம் விட்டால் அடுத்த காலாண்டுதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இவருக்கு வந்ததுபோலப் பேச்சு போவதும் ஓர் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டைக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். காப்பாளர் நியமித்தால்கூட, இருவரும் சேர்ந்து, புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. மனைவியை யாரும் நியமிக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில்தான் மனைவியை நியமித்தா பேசச் சொல்கிறார்கள்? அவர் நன்றாக இருந்த காலத்தில் அக்காவுக்காக அவர் எத்தனை இடத்தில் பேசியிருப்பார், அதற்கு யார் ரேகை வாங்கினார்கள் என்றும் நினைத்துக்கொள்வேன். இது நியாயமான வாதமா, தப்பித்துக்கொள்ளும் வாதமா என்பதில் எனக்கே வாரத்துக்கொரு கருத்து.

ஒருவேளை அட்டையை எடுத்து வைத்து, அவர் மெஷினைத் தொட்டிருந்தால்? அப்போது என்ன செய்திருப்பேன்? அக்காவிடம் போய், ‘உங்களுக்கு கிரைண்டர் கிடையாது, ஓடாத மெஷினைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருப்பேனா? கேட்காமல் இருந்ததற்கு ஆட்டோ மட்டும் காரணமில்லை என்று சில நாள் தோன்றும்.

கிரைண்டர் வந்தது. மாவு நன்றாகவே போகிறது. தெருவில் நாலைந்து வீடு வாடிக்கை, ஒரு டிபன் கடைக்கும் கொடுக்கிறார்கள். அக்கா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். இன்னொன்றும் நடந்தது, அது எங்கள் திட்டத்தில் இல்லாதது. சாயங்காலம் மாவுப் பாக்கெட்டுகளை அவர் இடது கையால் கூடையில் எடுத்து வைக்க, அக்கா ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ண ஆரம்பிப்பார். மூன்றிலிருந்து அவரும் சேர்ந்துகொள்வார். பாதியில் அக்கா நிறுத்தினாலும் அவர் போய்க்கொண்டே இருப்பார். மனப்பாடமாக வரும் வரிசைகள் இவர்களுக்குத் தப்பிப் பிழைப்பது உண்டு. அதனால் அதிசயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்களே, அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆண்டறிக்கைக்கு அவர்கள் போட்டோதான் தேர்வானது.

போன மாதம் போயிருந்தபோது அட்டைகளை வெளியே எடுக்கவில்லை, சும்மா காபியை வைத்துப் பார்த்தேன்.

“காபி வேணுமா அண்ணே?”

“வேண்டாம்.”

“அப்ப காபி வேண்டாமா?”

“வேண்டாம்” என்று சிரித்தார். டம்ளருக்குக் கையை நீட்டினார். ஆக, அன்றைக்குத் திருப்பிக் கேட்டிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. நிம்மதியாக இருந்தது. படியிறங்குவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. காபிக்கு அவர் கையை நீட்டினார் இல்லையா? மெஷின் விஷயத்தில் அவர் கை எங்கே இருந்தது என்றும் நான் பார்த்தேனே.

திரும்பி உள்ளே போய் அக்காவிடம் கேட்டேவிட்டேன். “அக்கா, அன்னைக்கு அண்ணன் நிஜமாவே சரின்னுதான் சொன்னாரா?”

அவர் மாவு அள்ளுவதை நிறுத்தவில்லை. “இருபத்தாறு வருஷம் மேடம். அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாதா?”

தெரியும், சரி. என்ன சொன்னார் என்று மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி, எழுந்திருக்கக் கையை நீட்டினார். மெஷின் இருந்த இடத்தில் பிடித்துக்கொள்ள இப்போது ஓர் இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள். நான்தான் பதிக்கச் சொன்னேன்.