அட்டையில் ஒரு கட்டமும் காலியில்லை

காசநோய் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிகிச்சையின் நடுவில் சளி மறுபடி பாசிட்டிவ் என்று வந்தால், "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டார்" என்று உடனே சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன். ஒரு கொத்தனாரைப் பற்றி, அவர் காதில் விழும்படியே.

அது அவருடைய ஐந்தாம் மாதச் சளி. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யாது என்று, சளியில் கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் கருவி காட்டியது. முதல் மாதம் அதே கருவி, வேலை செய்யும் என்று சொல்லியிருந்தது. அவர் பதில் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து சிகிச்சை அட்டையை எடுத்து நீட்டினார். வாரத்துக்கு மூன்று நாள் மருந்து கொடுத்த காலம் அது. மருந்து கொடுத்த பணியாளர் போட்ட குறிகள் வரிசையாக இருந்தன. ஒரு கட்டமும் காலியில்லை.

மனசு கேட்கவில்லை. டீப் ஃப்ரீசரில் இருந்த அவருடைய முதல் கல்ச்சரை, அதாவது சளியிலிருந்து வளர்த்த கிருமியை எடுத்து, புதியதோடு சேர்த்து எல்.பி.ஏ. போட்டேன். எந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று கோடுகளால் காட்டும் மரபணுச் சோதனை அது. விரல் அகலம்கூட இல்லாத இரண்டு பட்டைகள், அவற்றில் மெல்லிய ஊதாக் கோடுகள். புதிய பட்டையில் ரிஃபாம்பிசினுக்கான ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் இயல்பான கோடு ஒன்று மறைந்து, திரிபைக் காட்டும் கோடு எழுந்திருந்தது. அதை எதிர்பார்த்தேன். பழைய பட்டையைப் பார்த்துத்தான் கை நின்றுவிட்டது. கூடவே கொடுக்கும் இன்னொரு மருந்தான ஐசோனியாசிடுக்கான கேட்-ஜி மரபணுவின் இயல்பான கோடு அதில் முதல் நாளிலிருந்தே இல்லை. அதாவது, அந்த மருந்து அவருக்கு முதலிலிருந்தே பலிக்கவில்லை. சிபிநாட் ரிஃபாம்பிசினை மட்டும்தான் பார்க்கும். ஐசோனியாசிடை யாரும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். மருத்துவமனைக் கிருமிகள் பல, எதிர்ப்பு மரபணுவை இன்னொரு கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமி அப்படி வாங்குவதில்லை. பெருகும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைதான் அதற்கு வழி. ரிஃபாம்பிசினைத் தாங்கும் பிழை சுமார் 10 கோடிக் கிருமிகளில் ஒன்றுக்கு நேரும். அபூர்வம் என்று தோன்றும். ஆனால் நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள்ளேயே அத்தனை கிருமிகள் இருக்கும். அந்த ஒன்றைக் கொல்ல இரண்டாவது மருந்து வேண்டும். 1948-ல் வெளியான பிரிட்டன் ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது: ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் வாங்கியவர்கள் முதலில் தேறினார்கள், அப்புறம் பலருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி வந்தது.

கொத்தனாருக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். ஒன்று பலிக்காவிட்டாலும் மூன்று காப்பாற்றின. மூன்றாம் மாதத்திலிருந்து ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் மட்டும். சீட்டில் இரண்டு; உடம்புக்குள் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வேளையும் தவறாமல் விழுங்கி, எஞ்சிய அந்த ஒற்றைக் கிருமியின் வம்சத்தை வளர்த்திருக்கிறார். அவர் தப்பில்லை. நாங்கள் பார்க்காமல் விட்டது.

2017-ல் இந்தியா முழுவதும் தினசரி மருந்து வந்தது; பின் நான்கு மாதத்திலும் மூன்றாவது மருந்தாக எத்தாம்பியூட்டால் சேர்ந்தது. இந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. அவருக்கு அது பிந்திவிட்டது. மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி போட்டதில் ஒரு காது மந்தமானது. சிகிச்சை இரண்டு வருடத்தைத் தாண்டியது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க தம்பி, இப்பவாவது சரியான மருந்துதானே?" என்று கேட்டார். கடைசிக் கல்ச்சரை நானே போட்டேன். கிருமி வளர்க்க முட்டையில் செய்த அந்தப் பச்சைச் சரிவை வாரா வாரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டாவது வாரமும் அதில் ஒரு பொட்டுகூட முளைக்கவில்லை.