காயம் ஏதும் இல்லை என்று எழுதிய வரி

"ஏனுங்க, உள்ள போறப்ப எம்பட பையன் கை நல்லாத்தானுங்க இருந்துது." பள்ளிபாளையத்திலிருந்து பேருந்தேறி வந்திருந்த அந்த அம்மா, நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்ட உதவி மையத்தின் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். அவருடைய மகன் விசைத்தறி ஓட்டுபவர். ஓர் அடிதடி வழக்கில் விசாரணைக் கைதியாக அடைக்கப்பட்டிருந்தபோது, உடனிருந்த கைதிகள் தாக்கியதில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. வழிக்காவலுக்கு, அதாவது கைதியை வெளியே கூட்டிப்போகும் போலீஸ் காவலுக்கு, ஆள் இல்லையென்று நாளைத் தள்ளி, 11 நாள் கழித்தே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அதற்குள் எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கிவிட்டது.

ஜாமீனில் வந்திருந்த அந்த இளைஞர் என் எதிரே உட்கார்ந்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்க முயன்றார். ஒரு நெல்மணி அளவுக்கு இடைவெளி மிஞ்சியது. எவ்வளவு முக்கினாலும் அது மூடவில்லை. அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டிய விரல்கள் அவை. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடைவெளியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அவர்களுக்கு உடனே நம்பிக்கை சொல்ல எனக்கு நா எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வழக்கறிஞராக இதேபோன்ற வழக்கொன்றை நடத்தி நான் தோற்றிருந்தேன். அப்போது குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அரசுக்கு 2 மாத முன்னறிவிப்பு கொடுத்து, இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தேன். காலவரையறை கடந்துவிட்டது என்றார் அரசு வழக்கறிஞர். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால், காயம் சிறைக்குள்தான் ஏற்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று நீதிபதி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சிறைப் பதிவேடுகளின் நகலை நான் கேட்டதே 2 ஆண்டுகள் கழித்துத்தான். அந்தக் கட்சிக்காரரின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

சிறையில் கைதிக்கு நேரும் காயத்துக்கு அரசு பொறுப்பாகுமா என்ற கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் ஒரே நாளில் விடை சொல்லிவிடவில்லை. காவல் நிலையத்தில் வைக்கப்பட்ட தங்கம் காணாமல் போன வழக்கில், அது இறையாண்மை சார்ந்த பணி, அதாவது ஆளும் அதிகாரத்தைக் கொண்டு அரசு செய்யும் பணி, ஆகவே அரசு ஈடு தர வேண்டியதில்லை என்று 1964இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பல ஆண்டுகள் அந்தத் தீர்ப்பே அரசுக்குக் கேடயமாக இருந்தது. 1993இல், ஒடிசாவில் காவலில் இறந்த 22 வயது இளைஞரின் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் அந்தக் கேடயம் செல்லாது என்று தீர்த்து, 1,50,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

எனக்கு அதைவிட நெருக்கமானது ஆந்திரத்துக் கோயிலகுண்ட்லா கிளைச் சிறை வழக்கு. 1977இல் அந்தச் சிறைக்குள் வெளியாட்கள் வெடிகுண்டு வீசியதில் தந்தை இறந்தார்; உடன் அடைக்கப்பட்டிருந்த மகன் காயமடைந்தார். தங்கள் உயிருக்கு ஆபத்து இருப்பதாக அவர்கள் முன்பே தெரிவித்திருந்தும், போதிய காவல் போடப்படவில்லை. குண்டு வீசியவர் அரசு ஊழியர் அல்லர் என்பதால் அரசின் பொறுப்பு நீங்கிவிடவில்லை. உயர் நீதிமன்றம் வழங்கிய 1,44,000 ரூபாயை 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அடி விழும்போது விலகி ஓடவும், கதவைத் தாழிட்டுக்கொள்ளவும், தானே வைத்தியரிடம் போகவும் வெளியே இருக்கிற எவராலும் முடியும். இவை எல்லாவற்றையும் ஒரு மனிதனிடமிருந்து எடுத்துக்கொண்ட நிர்வாகம், அவனுக்காக அவற்றைச் செய்யும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது என்றுதான் நான் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இம்முறை நான் பதிவேட்டிலிருந்தே தொடங்கினேன். புதிதாக வரும் கைதியின் உடல்நிலையையும், உடலில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் குறித்து வைக்க வேண்டும் என்று 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் 24ஆம் பிரிவில் சொல்கிறது. அவர்கள் வந்த வாரமே மனுப் போட்டு நகல் வாங்கினேன். அந்த இளைஞர் பெயருக்கு நேரே, "காயம் ஏதும் இல்லை" என்று நீல மையில் எழுதி, மருத்துவ அலுவலர் சுருக்கொப்பம் இட்டிருந்தார். சிறைக்குச் சாதகமாகத் தோன்றும் அந்த மூன்று சொற்களே எங்கள் வழக்கின் அடித்தளமாயின. முழுக் கையோடு உள்ளே போனவர் முறிந்த கையோடு வந்தால், நடந்தது என்ன என்று அறிந்தவர்கள்தான் விளக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவும், புதிய சட்டத்தில் அதன் இடத்தில் வந்துள்ள 109ஆம் பிரிவும் அதையே சொல்கின்றன.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாட வழிசெய்யும் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ், சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கலானது. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று எதிர்மனுவில் சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும், அந்த 11 நாள் எதற்காக என்று கேட்டோம். வழிக்காவல் தருவது காவல்துறையின் ஆயுதப்படை, அது தங்கள் துறை அன்று என்பதே சிறைத் தரப்பின் பதில். இதில் ஓரளவு உண்மை உண்டு. காவலருக்காகத் தொலைபேசியில் மன்றாடும் சிறை அலுவலர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வலியோடு கிடப்பவருக்கு இரண்டு துறைகளும் ஒரே அரசுதான். நீதிமன்றமும் அப்படியே பார்த்தது.

கிடைத்த தொகை, தறியில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. மீதியை உரிமையியல் வழக்கில் கேட்கலாம் என்றேன். இன்னும் எத்தனை வருசம் அலைவது என்று அவர்கள் வேண்டாமென்றுவிட்டார்கள். அவர்களை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவர் அதே பட்டறையில், தறி ஓட்டும் கூலியைவிடக் குறைந்த கூலிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறார், அதாவது தறிக்கான ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தருகிறார்.

அதன் பிறகு சிறைக்குச் செல்லும் நாட்களில், புதிதாக வந்தவர்களின் வழக்கு விவரத்தைக் கேட்பதற்கு முன், இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன். போன மாதம் ஒருவர் கைகளை நீட்டிவிட்டு, தயங்கித் தயங்கி வேட்டியை முழங்காலுக்கு உயர்த்தி, வீங்கியிருந்த கணுக்காலைக் காட்டினார். தலைமை வார்டரிடம் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தையும் சேர்த்தே எழுதினார்.