ஆச்சி நம்பர் எழுதிய நோட்டு

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று மூன்றாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. வெளியே நல்ல மழை. மகளைக் கொண்டுவிடப் போன நான் முந்தானையைப் பிழிந்துகொண்டு வகுப்பு வாசலில் நின்றேன். டீச்சர் மேசை மேல் ஒரு நீல நிற நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, நான் பம்பாய்ல இருந்து டீச்சர் பேசுதேன். பேரன் எப்ப வாரான்?”

அந்தப் பக்கம் ஆச்சி ஏதோ நீளமாகச் சொன்னார்கள். “டிக்கெட் கிடைக்கலன்னா என்ன செய்ய முடியும், ஆச்சி. கிடைக்கிறப்ப வரட்டும். தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. ஆறாம் வாய்ப்பாடு மறந்திரக் கூடாது. போனை அவன்கிட்ட குடுங்க.” பையன் பேச வந்ததும் டீச்சர் குரலே மாறிவிட்டது. “என்னலே, ஆத்துல குளிச்சு நல்லா கறுத்துப் போயிட்டியா?”

வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஊரிலிருந்து அவனும் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது.

தாராவியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பாதிக் குடும்பம் நெல்லைக்காரர்கள். மே மாதம் வந்தால் வரிசையாக வீடு பூட்டிக் கிடக்கும். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, வயல் பங்கு பேசுவது, எல்லாவற்றையும் அந்த விடுமுறைக்குள் முடித்தாக வேண்டும். போகிற டிக்கெட்டை எப்படியாவது வாங்கிவிடுவோம். திரும்பி வரத்தான் திண்டாட்டம். முன்பெல்லாம் ரயிலில் 120 நாளைக்கு முன்னாலேயே பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள் ஆகிவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடும். நாகர்கோவில் வண்டியில் அந்த வாரம் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்பாவும் அம்மாவும் வேலைக்காக முன்னால் வந்துவிடுவார்கள், பிள்ளை ஆச்சியோடு நின்றுவிடும். ஜூலை முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று தள்ளிப் போகும். சில பிள்ளைகள் வராமலே இருந்துவிடுவதும் உண்டு. ஊர்ப் பள்ளியிலும் சேர்க்கவில்லை, இங்கேயும் வரவில்லை என்று ஒரு வருடமே போய்விடும். டீச்சருக்குப் பயம் இதில்தான்.

அந்த நோட்டை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே பெயர், அதற்குக் கீழே அப்பா நம்பர், அம்மா நம்பர். அப்புறம் ஊர்ப் பெயர், ஊரில் யார் வீடு, அவர்கள் நம்பர், எந்த வண்டியில் போகிறார்கள், என்றைக்குத் திரும்புகிறார்கள். பல நம்பர்கள் அடித்து அடித்து மூன்று தடவை மாற்றி எழுதப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில், “ஆச்சிக்குக் காது மந்தம். 6 மணிக்கு மேல் சித்தி எடுப்பாள்.” இன்னொன்றில், “நம்பர் இல்லை. பக்கத்து டீக்கடை.” கடை நம்பர் கீழே சிவப்பு மையில். நோட்டின் ஓரமெல்லாம் மழையில் ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. சில இடத்தில் மை கரைந்து நம்பரே தெரியவில்லை.

இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. வருகைப் பதிவேடு தனியாக இருக்கிறது. இது அவராக வாங்கி, அவராக எழுதி, சொந்தப் போனிலிருந்து பேசி வைத்திருக்கும் நோட்டு.

நான் வீட்டில் சேலைக்கு ஃபால் பீகோ அடித்துக் கொடுக்கிறவள். மாநகராட்சிப் பள்ளியில்தான் படித்தேன், தமிழ் மீடியத்தில். மகளும் அதே பள்ளிதான். போன வருடம் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். சேரும்வரை எனக்கு இது தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். போனால் பேசச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் கூட்டத்தில் ஆசிரியர் தினப் பேச்சு வந்தது. இட்லி வியாபாரம் செய்கிற அண்ணன் ஒருவர், வீட்டுக்கு 50 ரூபாய் போட்டு எல்லா டீச்சருக்கும் பொன்னாடையும் ஒரு எவர்சில்வர் குடமும் கொடுக்கலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிற மனிதர், அவருக்கு 50 ரூபாய் சும்மா வருவதில்லை. நான் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் ஒருவர், டீச்சரிடமே கேட்டுவிடலாமே என்றார்.

கேட்டோம். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். “பொன்னாடை வீட்டுல நிறைய இருக்கும்மா. எனக்குக் கூட நடக்க ஆள் வேணும்” என்றார்.

அவர் சொன்னது சேர்க்கைக்காக நடப்பதை. ஏப்ரல், மே வெயிலில் டீச்சர்கள் சந்து சந்தாகப் போய், பால்வாடி முடித்த பிள்ளைகள் யார், ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பம் எது என்று விசாரிப்பார்கள். கும்பார்வாடா, 90 ஃபீட் ரோடு பக்கமெல்லாம் நடை. இரும்பு ஏணி வைத்த மாடி வீடுகளில் டீச்சரால் இப்போது ஏற முடிவதில்லை, முழங்கால் வலி. கீழே நின்று கூப்பிட்டால் மேலே மெஷின் சத்தத்தில் கேட்காது. கேட்டு எட்டிப் பார்ப்பவர்களும் முதலில் சொல்வது, “தமிழ்ல படிச்சு இங்க என்ன செய்ய, டீச்சர்?” என்பதுதான்.

இதற்கு டீச்சர் வாதாடுவதில்லை. “ஒரு நாள் வகுப்புல வந்து உட்காருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று மட்டும் சொல்வாராம். அவர் வாதாடாத இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பேப்பரை எடுத்து எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். வாசிப்பது தனக்குப் புரிவதால், புரியாத வார்த்தை வந்தால் உடனே நின்று கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் பாடம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்கிறது. என்ன சொன்னாய் என்றால் அதற்குத் தெரியவில்லை. எல்லா இங்கிலீஷ் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை. சின்ன வயதில் வீட்டு மொழியில் படிப்பது பெரிய பலம், அதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

டீச்சரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம் நிறையப் பேருக்கு உதவும். பள்ளி மாறும்போது பழைய பள்ளியில் தருகிற சான்றிதழை ஊரில் டிசி என்பார்கள், இங்கே எல்.சி. அந்தக் காகிதம் வரவில்லை என்று பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தது ஒரு குடும்பம். காகிதம் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. டீச்சர் அதைச் சொல்லி, மறுநாளே பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்தார். காகிதம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

ஆக, குடம் திட்டத்தைக் கைவிட்டோம். எட்டு அம்மாக்கள் சந்துகளைப் பிரித்துக்கொண்டோம். மே மாதம் ஆளுக்கு இரண்டு சந்து, ஏணி ஏறுவது எங்கள் வேலை. தேர்தல் வேலைக்கு டீச்சரை அனுப்புகிற நாட்களில் வகுப்பில் கதைப் புத்தகம் வாசிக்க மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பிள்ளையின் தாத்தா, தோல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பழைய தாராவிக் கதையெல்லாம் சொல்வார்.

ஆசிரியர் தினம் அன்று மேடை போடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் டீச்சர் தனக்காகச் செய்த ஒரு காரியத்தை ஒரு தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். “டீச்சர் நல்லவர்” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என்ன செய்தார், அதை எழுது. அப்புறம் வந்தது பாருங்கள். “எனக்குப் பின்னல் அவிழ்ந்தது, டீச்சர் ரப்பர் பேண்டு போட்டார்.” “ழ வராதப்ப நாக்கை மடிச்சுக் காட்டினார்.” “என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கிச்சடி ரெண்டாம் தடவை வாங்கித் தந்தார்.” இதை எழுதிய பையனின் அம்மாவுக்கே அது தெரியாது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மராத்தி சொல்லித் தருகிற பாயிக்கும் தாள் போனது. மராத்தியில் டீச்சரம்மாவைப் பாயி என்பார்கள். பிள்ளைகள் மராத்தியிலேயே எழுதினார்கள், தப்போடுதான். பாயி ஒரு தப்பைக்கூடத் திருத்தாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்பதற்காகவே அந்த ஒரு வார்த்தையைக் கற்று வைத்திருக்கிறவர் அவர்.

திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன் பிறந்த நாள் செப்டம்பர் 5. 1962லிருந்து அதைத்தான் ஆசிரியர் தினமாக வைத்திருக்கிறோம். மும்பையில் இருக்கிற எங்களுக்கு ஜனவரி 3ஆம் தேதியும் அப்படித்தான். சாவித்ரிபாய் புலே பிறந்த நாள். 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். வழியில் சேறும் சாணியும் எறிவார்கள் என்று மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் எடுத்துப் போவாராம். மழைக்காலத்தில் எங்கள் டீச்சர் பையிலும் ஒரு மாற்றுச் சேலை இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாவித்ரிபாய் நினைவுதான்.

நான் படித்தபோது எனக்கும் இதே டீச்சர்தான். இடையில் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்தவர். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள், எனக்கு மதிய ஷிப்ட். மிட்டி ஆறு பொங்கி, ரோடு எது சாக்கடை எது என்று தெரியவில்லை. யாரையும் வெளியே விடாமல் டீச்சர் எங்களை மாடி வகுப்பில் வைத்துக்கொண்டார். கரண்ட் இல்லை. இருட்டில் எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். அந்தக் கை என் தலையில் பட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. விடிந்து அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை எத்தனை தடவை எண்ணினாரோ.

ஆசிரியர் தினத்துக்கு நான் கொடுத்தது ஒரு உறை. ரெயின்கோட் துணி ஒன்றரை மீட்டர் வாங்கி, உள்ளே பருத்தித் துணி வைத்து, நோட்டின் அளவுக்கு இரட்டைத் தையல் போட்டேன். மேல் மடிப்பில் பட்டன் வைத்தால் தண்ணீர் இறங்கும் என்று ஒட்டும் பட்டி வைத்தேன். பேனாவுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று பக்கத்தில் இரண்டு பை. டீச்சர் நோட்டை உள்ளே நுழைத்துப் பார்த்தார், சரியாக உட்கார்ந்தது. வெளியே எடுத்தார், மறுபடி நுழைத்தார். “அளவு எப்படிட்டி எடுத்த?” என்றார். அவர் பாயியோடு பேசிக்கொண்டிருந்தபோது சாணால் அளந்ததைச் சொன்னேன்.

அப்புறம் உடனே நோட்டைத் திறந்து, மழையில் கரைந்துபோன நம்பர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். ஏழு பக்கம் இன்னும் பாக்கி. மூன்றாம் வகுப்புப் பெற்றோர் சனிக்கிழமை 11 மணிக் கூட்டத்துக்கு வரும்போது ஊர் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஆச்சி எத்தனை மணிக்குப் போன் எடுப்பார்கள் என்பதையும்.