பஸ்ஸில் போய் நடந்து திரும்புதல்: வன்னியில் சில ஞாயிறுகள்

வேலை இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் வவுனியாவில். சொந்த வாகனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் அடைந்து கிடக்கவும் மனமில்லை. அப்படித்தான் இந்த நடைப் பழக்கம் தொற்றியது. மலைநாட்டில் என்றால் எல்லவில் ரயிலை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குப் பின்னால் போனாலே பாதை வந்துவிடும். வன்னியில் மலையே கிடையாது. குளம், வாய்க்கால், வயல், காடு, நடுவே தெற்கிலிருந்து வடக்கே போகும் ஏ9 வீதி, அதற்குத் துணையாக ரயில்பாதை. நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை, திரும்பி வருவதுதான் பாடு.

ஏ9இல் இரவு பகல் பாராமல் பஸ் ஓடும். அதை விட்டு உள்ளே திரும்பினால் கதை வேறு. காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒன்று, பொழுதுபடும் நேரத்தில் ஒன்று என்பதுதான் பல ஊர்களின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறையும். அதனால் நான் உள்ளேயிருந்து வெளியே நடக்கிறேன். பஸ் அரிதான முனைக்குக் காலையிலேயே போய்விடுவது, அங்கிருந்து பஸ் நிறைய ஓடும் வீதியைப் பார்த்து நடப்பது. கால் ஓய்ந்து நேரம் தப்பினாலும் கடைசியில் ஏதாவது ஒரு பஸ் நிற்கும். எதிர்த்திசையில் நடந்தால் நாலு மணி பஸ்ஸை நினைத்தே பொழுது போய்விடும்; குளமும் கண்ணில் படாது, கொக்கும் கண்ணில் படாது.

முதலில் இரணைமடுக் குளம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, கிளிநொச்சிக்கு முன்னால் இரணைமடுச் சந்தியில் இறக்கிவிடச் சொல்ல வேண்டும். தூர பஸ் சிலவற்றில் யாழ்ப்பாணத்துக்கான முழுக் காசும் கேட்பார்கள். கிளிநொச்சியோடு நிற்கும் பஸ் என்றால் அந்த வில்லங்கம் இல்லை. சந்தியில் இருந்து கிழக்கே நடந்தால் கனகாம்பிகை அம்மன் கோவில், அப்புறம் குளக்கட்டு. 1902இல் கட்டத் தொடங்கிய குளம் இது. வவுனியா வடக்கில் இருந்து வரும் கனகராயன் ஆற்றை இங்கே மறித்திருக்கிறார்கள். கடைசியாகக் கட்டை உயர்த்திப் புனரமைத்து 2018 டிசம்பரில் திறந்தார்கள். அதே மாதம் கொட்டிய மழையில் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளக்காடானது ஊருக்கே தெரியும்.

கட்டில் ஏறினால் ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நான் போனது தை மாதக் கடைசி. மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல் முற்றித் தலைசாய்த்து நின்றது. தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. துருசுக்கு, அதாவது மதகுக்குப் பக்கத்தில் ஒருவர் வலையில் இருந்து திலாப்பியா மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார். செவுளுக்குள் பெருவிரலைக் கொடுத்து, முள் குத்தாமல் முதுகுச் செட்டையை மடக்கி, ஒரு இழுவை. மீன் சாக்குக்குள் விழும். கண் வலையில் இல்லை, என்னில்தான் இருந்தது. "தம்பி, நடந்தோ வந்தனீங்கள்? வண்டி நிண்டுட்டுதோ?" என்றார்.

இந்தக் கேள்விக்கு வன்னியில் தப்பவே முடியாது. வெயிலில் ஒரு ஆள் தோளில் பையோடு நடந்தால், அவருக்கு ஏதோ இடைஞ்சல் என்றுதான் சனம் நினைக்கும். திருவையாறு வழியாகக் கிளிநொச்சிக்கு நடந்து வரும்போது மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், நெல் ஏற்றிய லான்ட்மாஸ்ரர் என்று வந்ததெல்லாம் பக்கத்தில் நின்றன. "ஏறுங்கோ, விட்டிட்டுப் போறன்." "இல்லை அண்ணை, சும்மா நடக்கிறன்." சும்மா என்ற சொல்லை யாரும் நம்பவில்லை. ஒரு ஐயா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே சைக்கிளை உருட்டி வந்தார். "நேர்த்தி ஒண்டு ஐயா" என்று சொல்லிவிட்டேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. சட்டைப் பையைத் தடவி நூறு ரூபாயை எடுத்து, "முறிகண்டியானுக்கு எண்டால் இதையும் உண்டியலில போட்டுவிடுங்கோ" என்று கையில் திணித்தார். திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பஸ் நின்றபோது அந்தக் காசைப் போட்டுவிட்டேன். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்பது நல்லதாய்ப் போயிற்று. கச்சானும் வாங்கினேன்.

யோசித்தால் அவர் நம்பியதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாகத்தான் நடக்கிறார்கள். மடு மாதாவுக்கும் காடு வழியே கால்நடையாகப் போனவர்கள் ஏராளம். கடவுளுக்காக நடப்பதை ஊர் புரிந்துகொள்ளும். உடம்புக்காக, கண்ணுக்காக நடப்பது என்பது இன்னும் ரவுன் (நகரத்து) பழக்கம்தான்.

அடுத்தது முத்தையன்கட்டுக் குளம். எனக்கு மிகப் பிடித்த பாதை இதுதான். வவுனியாவில் இருந்து ஒட்டுசுட்டானுக்கு நெடுங்கேணி வழியாகவும் வரலாம், மாங்குளம் வழியாகவும் வரலாம். நெடுங்கேணி வழி ஆடி அசைந்து வரும், ஆனால் பார்க்க நல்லது. ஒட்டுசுட்டானில் இருந்து குளத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவைப் பொதுப் போக்குவரத்தில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காசு கொடுத்தால் யாரையும் ஏற்றுகிறது, எனக்கு அது போதும். குளக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஒட்டுசுட்டானை நோக்கி நடந்தேன். வழியெல்லாம் வாய்க்கால் கூடவே வரும். பேராற்றுத் தண்ணீர். பாலை, வீரை, முதிரை என்று மரம் மாறி மாறி வரும், நிழலும் விட்டு விட்டு வரும். ஆனி மாதம் என்றபடியால் பாலைப்பழம். ஒரு அம்மா சுளகில் குவித்து வைத்திருந்தார். மஞ்சளாய், விரல் நுனி அளவு. தேன் மாதிரி இனிக்கும், ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்க விடாது. அவரே தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நீட்டிச் சிரித்தார்.

முடிவில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோவில் வாசலில் முகம் கழுவி இளைப்பாறலாம். இன்னும் தெம்பு இருந்தால் பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஒக்ரோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது இந்தப் பகுதியில்தான். தோற்ற இடத்தைக் குறிக்க வென்றவர்கள் நட்ட கல், கடைசியில் தோற்றவனின் நினைவிடமாகிவிட்டது.

கட்டுக்கரைக் குளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னார் பஸ்ஸில் முருங்கனில் இறங்க வேண்டும். மதவாச்சியில் இருந்து வரும் தலைமன்னார் ரயிலும் அங்கே போகும். யுத்தத்தால் நின்றுபோன அந்தப் பாதை 2015இல்தான் தலைமன்னார் வரை மறுபடி திறந்தது. கார்த்திகையில் இருந்து பங்குனி வரை போனால் ஊசிவால் வாத்துக் கூட்டங்களைப் பார்க்கலாம். மற்றக் காலத்தில் நிழல் இல்லாத நீண்ட கட்டும் வெயிலும்தான். குடை கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு விசயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று மிதிவெடி. அகற்றும் வேலை பெரும்பாலான இடங்களில் முடிந்துவிட்டாலும், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இன்னும் சில இடங்களில் நிற்கிறது. கிரவல் வீதி, குளக்கட்டு, வாய்க்கால் ஓரம் என்று சனம் அன்றாடம் புழங்கும் தடத்தை விட்டு இறங்குவதில்லை. சிறுநீர் கழிக்கக்கூடப் பற்றைக்குள் போவதில்லை. காட்டு ஒதுக்கிடத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் இல்லை.

மற்றது யானை. காலையில் முதல் தேநீர்க்கடையில், "இரவு இஞ்சால வந்ததோ?" என்று கேட்டால் போதும். எந்த வாழைத் தோட்டத்தில் நின்றது, எந்தப் பக்கம் போனது என்று முழு விபரமும் பிளேன்ரீயோடு வரும். வழியில் ஈரம் காயாத இலத்தியைக் கண்டால் அன்றைய நடை அவ்வளவுதான், வந்த வழியே திரும்பு. பின்னேரம் நாலரைக்குப் பிறகு காடு ஒட்டிய வீதியில் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

மற்றபடி பெரிய ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். தண்ணீர் மூன்று லீற்றர், உப்புப் போட்ட மோர் ஒரு போத்தல், தொப்பி. விலை கூடிய சப்பாத்தைவிடக் குதியை மூடிய சாதாரண சப்பாத்தும் தடித்த காலுறையும் கிரவலுக்குப் போதும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கிவிட்டால் புழுதிக்கு ஒரு கைக்குட்டை. மாசி, பங்குனியில் இருக்கும் சுகம் ஆவணியில் இராது. அப்போது குளமும் வற்றி அலைகரை வெடித்துக் கிடக்கும்.

இனி மடு. ஓகஸ்ட் 15 திருவிழாக் கூட்டம் எனக்குச் சரிவராது, ஆகவே அது கழிந்து மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு. காலையில் மடுக் கோவிலடி வரை பஸ், அங்கிருந்து மடு வீதிச் சந்திக்கு நடை, பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். சந்திக்கு வந்துவிட்டால் மன்னார் – வவுனியா பஸ் இருக்கிறது. நடுவில் கடை ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொன்னால், ஒரு போத்தல் தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன்.